வெட்டாத காட்டின் கணக்கு

யூகலிப்டஸ் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டில் யாருக்கும் நல்ல நினைப்பு வருவதில்லை. நிலத்தடி நீரை உறிஞ்சிவிடும், அடியில் புல் முளைக்காது, காகித ஆலைக்கென்று சில ஆண்டுகளிலேயே வெட்டிவிடும் தைலமரம் என்பதுதான் நாம் அறிந்த யூகலிப்டஸ். 1840களில் ஆங்கிலேயர் விறகுக்காக நீலகிரிக்குக் கொண்டுவந்த கற்பூர மரமும் சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே இன்றுவரை ஒட்டாமல்தான் நிற்கிறது. ஆனால் இந்த மரக் குடும்பம் தன் சொந்த மண்ணில் எடுக்கும் உருவம் வேறு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்ன் நகருக்கு வடகிழக்கே உள்ள குளிர்ந்த மலைகளில் மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் வகை வளர்கிறது. உலகின் மிக உயரமான மரங்களில் ஒன்று அது. டாஸ்மேனியாவில் நூறு மீட்டரைத் தொட்ட மரமும் உண்டு. தீயிலிருந்து தப்பினால் நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் வாழும். ஹெதர் கீத், பிரெண்டன் மாக்கி, டேவிட் லிண்டன்மேயர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2009இல் இந்தக் காடுகளை அளந்து வெளியிட்ட கணக்கு பலரையும் வியக்க வைத்தது. உயிருள்ள மரம், பட்டுப்போன மரம், தரையில் விழுந்து கிடப்பது எல்லாம் சேர்த்து ஒரு ஹெக்டேரில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரில், 1,867 டன் கார்பன் இருந்தது. அதுவரை உலகில் அளக்கப்பட்ட எந்தக் காட்டிலும் இவ்வளவு இல்லை. நாம் பெரிதாக நினைக்கும் வெப்பமண்டல மழைக்காடுகளின் சராசரி இதில் ஒரு சிறு பங்குதான்.

மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அது எரிந்தோ மட்கியோ காற்றில் கலக்கும்போது, ஒவ்வொரு டன் கார்பனும் சுமார் 3.67 டன் கரியமில வாயுவாக மாறுகிறது. அந்தக் காட்டின் ஒரு ஹெக்டேரில் அடைபட்டிருப்பது ஏறத்தாழ 6,800 டன் கரியமில வாயு என்று இதற்குப் பொருள். இத்தனை கார்பன் அங்கே சேரக் காரணம், மரம் வேகமாக வளரும் அளவுக்கு மழையும், விழுந்த மரம் மெதுவாக மட்கும் அளவுக்குக் குளிரும் ஒரே இடத்தில் அமைந்திருப்பதுதான். இன்னொரு காரணம் மனிதர்கள் எடுத்த முடிவு. ஆய்வாளர்கள் அளந்த ஓஷனசி ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி மெல்பர்ன் நகரின் குடிநீருக்காக ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மூடப்பட்டது. கோடரி உள்ளே போகவில்லை. அதனால் காடு சேர்த்துக்கொண்டே போனது. பருவநிலையைப் பற்றி யாரும் கவலைப்படாத காலத்தில், குழாயில் நல்ல தண்ணீர் வரவேண்டும் என்பதற்காகச் செய்த காரியம் இன்று இப்படிக் கைகொடுக்கிறது.

உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு வெளியேறுகிறது. காடழிப்பு உள்ளிட்ட நிலப் பயன்பாட்டு மாற்றங்களிலிருந்து வருவது சுமார் 400 கோடி டன். இவ்வாறு மனிதர்கள் வெளியேற்றும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவை நிலத்துத் தாவரங்களும் மண்ணும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. காடு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. அழித்தால் வெளியேற்றம் கூடுகிறது, உறிஞ்சும் திறனும் குறைகிறது. 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் 2030க்குள் காடழிப்பை நிறுத்துவோம் என்று கையெழுத்திட்டதற்கு இதுவே அடிப்படை. ஆனால் அந்த உறுதிமொழியில் ஒரு நழுவல் இருக்கிறது. காட்டை அழித்து மாட்டுப் பண்ணையோ எண்ணெய்ப்பனைத் தோட்டமோ ஆக்கினால்தான் பொதுவாக அது காடழிப்பு என்று எண்ணப்படும். ஐந்நூறு ஆண்டுக் காட்டை மொட்டையடித்துவிட்டு அதே இடத்தில் விதை தூவினால், ஏட்டில் அது இன்னமும் காடுதான். பணக்கார நாடுகளின் மரவெட்டு பெரும்பாலும் இந்த நிழலில்தான் நடக்கிறது. அதனால்தான் அமேசானை விட்டுவிட்டு விக்டோரியாவை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே கூப்பு எடுத்த முறை இதுதான். நாற்பது ஹெக்டேர் வரை உள்ள ஒரு துண்டைக் குறித்து, அதிலுள்ள மரங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சாய்ப்பார்கள். விலைபோகும் அடிமரம் லாரியில் ஏறும். கிளை, பட்டை, வேர்க்கட்டை, விலைபோகாத பொந்து மரம், கீழே வளர்ந்த பெரணி எல்லாம் அங்கேயே கிடக்கும். காய்ந்ததும் அதற்குத் தீ வைப்பார்கள். மவுண்டன் ஆஷ் விதை சாம்பல் படிந்த வெற்று மண்ணில்தான் நன்றாக முளைக்கும் என்பதால், இந்தத் தீ மறுநடவின் ஒரு பகுதி. லாரியில் ஏறிய மரத்திலும் பெரும்பகுதி மரக்கூழுக்கே போனது. லாட்ரோப் பள்ளத்தாக்கில் உள்ள மேரிவேல் காகித ஆலைக்கு 2030 வரை மரம் கொடுப்பதற்கென்றே 1996இல் மாநில அரசு தனிச் சட்டம் போட்டிருந்தது. சுருக்கமாகச் சொன்னால், நூற்றாண்டுகளாகச் சேர்ந்த கார்பனில் ஒரு பங்கு அதே பருவத்தில் புகையானது. இன்னொரு பங்கு நகலெடுக்கும் தாளாகவும் அட்டைப்பெட்டியாகவும் மாறி ஒருசில ஆண்டுகளில் குப்பைக்குப் போனது. வீட்டின் தரைப் பலகையாகவும் மேசையாகவும் நிலைத்தது மிகச் சிறிய பங்குதான்.

மரத்தொழில் தரப்பின் முதல் வாதம், வெட்டிய இடத்தில் மரம் திரும்ப வளர்கிறதே என்பது. இளங்காடு வேகமாக வளர்கிறது, கிழட்டுக் காடோ தேங்கி நிற்கிறது, ஆகவே பழையதை வெட்டிப் புதியதை வளர்ப்பதே பருவநிலைக்கு நல்லது என்பார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் இது முதலைச் செலவழித்துவிட்டு வட்டி விகிதத்தைக் காட்டிப் பெருமைப்படுவது. கன்றுகள் ஆண்டுக்கு எத்தனை டன் இழுக்கின்றன என்பதை மட்டும் பார்த்தால் போதாது, காற்றில் மொத்தம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெட்டியபோது வெளியேறியதை ஈடுகட்டக் கன்றுகளுக்கு நூறு, இருநூறு ஆண்டுகள் வேண்டும். அதற்கும் இடம் கொடுப்பதில்லை. எண்பது ஆண்டுச் சுற்று என்று திட்டமிட்டு, காடு தன் முழு எடையை எட்டும் முன்பே மறுபடி வெட்டுவார்கள். இந்தச் சுற்று நடக்கும்வரை அந்த நிலம் தாங்கும் சராசரிக் கார்பன், வெட்டாத காட்டின் அளவை ஒருபோதும் எட்டாது. பெரிய மரம் தேங்கி நிற்கிறது என்பதும் சரியில்லை. 403 மர இனங்களின் வளர்ச்சியை அளந்து 2014இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, பெரும்பாலான இனங்களில் மரம் பருக்கப் பருக்க அது ஆண்டுதோறும் சேர்க்கும் எடையும் கூடுவதையே காட்டியது. தனி மரத்துக்குப் பொருந்துவது முழுக் காட்டுக்கும் அப்படியே பொருந்தாது என்பது உண்மை; வயதாக வயதாகக் காட்டில் மரங்களின் எண்ணிக்கை குறையும். இருந்தாலும் முடிவு மாறவில்லை. வெப்பநிலை உயர்வைக் கட்டுக்குள் நிறுத்த உலகம் வைத்திருக்கும் கெடு 2050. அதற்குப் பிறகு நூறாண்டு கழித்துத் திரும்பி வரும் கார்பன் இந்தக் கெடுவுக்கு உதவாது.

மரப்பொருளை முன்வைக்கும் வாதம் இதைவிட வலுவானது. சிமென்ட்டுக்கும் இரும்புக்கும் பதிலாக மரத்தில் வீடு கட்டினால், அவற்றைத் தயாரிக்க எரித்திருக்கும் நிலக்கரி மிச்சமாகிறது என்கிறார்கள். கொள்கையளவில் சரியே. நெடுங்காலம் நிற்கும் கட்டடத்துக்குப் போகும் மரத்தை யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பலகை இயற்கைக் காட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று என்ன கட்டாயம்? ஆஸ்திரேலியாவில் வெட்டப்படும் மரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு முன்பே தோப்புகளிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. வீட்டுச் சட்டங்களுக்குப் பயன்படுவது பெரும்பாலும் தோப்பில் வளர்த்த பைன் மரம். இயற்கைக் காட்டிலிருந்து போனதில் பெரும்பங்கு கூழாக அரைபட்டது. காகிதத்துக்காக மரத்தையே நம்ப வேண்டும் என்பதும் இல்லை. நம் கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையைக் கொண்டு தாள் செய்வதற்காகவே 1979இல் தொடங்கப்பட்டது.

அடுத்தது தீ. ஆஸ்திரேலியாவில் இதைப் பேசாமல் காட்டைப் பற்றி எதுவும் பேச முடியாது. 2009 பிப்ரவரி 7ஆம் தேதி மெல்பர்னைச் சுற்றிய மலைகளில் பற்றிய தீயில் 173 பேர் இறந்தார்கள். எப்படியும் ஒருநாள் எரிந்து போகும் காட்டை வெட்டிப் பயன்படுத்தினால் என்ன, அதில் கார்பனைச் சேமித்துவைப்பது மணலில் வீடு கட்டுவது ஆகாதா என்ற கேள்வி இயல்பானது. எரிந்த காட்டைக் கீத்தின் ஆய்வுக் குழு மறுபடி போய் அளந்தது. கடுமையாக எரிந்த இடங்களில்கூடக் காட்டின் மொத்தக் கார்பனில் 9 முதல் 14 சதவீதம்தான் காற்றுக்குப் போயிருந்தது. மிதமாக எரிந்த இடங்களில் 6, 7 சதவீதம். இலையும் சருகும் மெல்லிய கிளையும் எரிகின்றன. ஐந்தாறு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய அடிமரம் கரிந்து நிற்குமே தவிர எரிந்து தீர்ந்துவிடுவதில்லை. பட்ட மரமாக அது பல பத்தாண்டுகள் நின்று, மெல்ல மட்கும். அதற்குள் கீழே புதிய தலைமுறை வளர்ந்து அந்த இழப்பை நிரப்பத் தொடங்கிவிடும். கண்ணுக்குத் தீ பயங்கரம், கணக்கில் கோடரியே பயங்கரம்.

வெட்டிய காட்டில் தீ கூடுதலாகப் பரவுகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை உண்டு. 2009 தீயில், வெட்டிய பின் வளர்ந்த நெருக்கமான இளங்காடுகள் முதிர்ந்த காட்டைவிடக் கடுமையாக எரிந்தன என்று லிண்டன்மேயரின் குழு 2014இல் எழுதியது. வெயிலும் காற்றும் உச்சத்தில் இருக்கும் நாளில் எந்த வயதுக் காடும் எரியும், வெட்டியதால் வந்த வேறுபாடு சிறிதே என்று மற்ற சிலர் மறுத்தார்கள். இந்த வழக்கில் தீர்ப்பு சொல்லாமலே ஒன்றைச் சொல்ல முடியும். மவுண்டன் ஆஷ் கடுந்தீயில் செத்துவிடும் மரம். அடித்தூரிலிருந்து துளிர்க்காது, விதையிலிருந்துதான் மீள வேண்டும். போதுமான விதை வைக்க அதற்கு இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். பத்து வயது இளங்காட்டில் தீ வந்தால் விதை இல்லை, காடும் இல்லை. அந்த இடத்தை வாட்டில் புதர்கள் பிடித்துக்கொள்ளும். ஆகவே மலை முழுவதும் இளங்காடாக வைத்திருப்பது, வெப்பம் கூடிவரும் காலத்தில் கார்பனை மட்டுமல்ல, காட்டையே பணயம் வைப்பது. லிண்டன்மேயர் குழுவின் கணக்கில் அந்த மலைகளில் இன்று முதிர்காடாக எஞ்சியிருப்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை.

தண்ணீர்க் கணக்கும் இதையொட்டியே போகிறது. பெருந்தீக்குப் பின்னோ வெட்டுக்குப் பின்னோ எழும் இளங்காடு நிறையத் தண்ணீர் குடிக்கும். இருபது, முப்பது ஆண்டுகளில் ஓடைகளில் வரும் நீர் பாதிவரை குறைந்து, பழைய நிலைக்குத் திரும்ப நூறாண்டுக்கு மேல் ஆகிறது. மெல்பர்னின் மிகப்பெரிய அணையான தாம்சனின் நீர்ப்பிடிப்புக் காட்டில்கூட வெட்ட அனுமதி தொடர்ந்தது என்பது விளங்காத விஷயம்.

இவ்வளவு தெரிந்திருந்தும் வெட்டு நின்றது கார்பனால் அல்ல. அரசின் மரவெட்டு நிறுவனமான விக்ஃபாரஸ்ட்ஸ் 2021-22இல் சுமார் 5.4 கோடி ஆஸ்திரேலிய டாலரும், அடுத்த ஆண்டு சுமார் 6 கோடி டாலரும் நட்டப்பட்டது. மக்களின் காட்டை வெட்டி, மக்களின் வரிப்பணத்தையும் அதில் போட்டார்கள். மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து தாவும் கிளைடர் என்ற பைவிலங்கின் பெயரால் உள்ளூர்க் குழுக்கள் வழக்குப் போட்டன. வெட்டுவதற்கு முன் கூப்பு முழுவதிலும் அந்த விலங்கு இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும் என 2022 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் கோடரிகள் ஏறக்குறைய நின்றே போயின. மரம் வராததால் மேரிவேல் ஆலை 2023 தொடக்கத்தில் வெள்ளைத் தாள் தயாரிப்பை நிறுத்தியது. 2030இல் நிறுத்துவதாக இருந்த மரவெட்டை 2024 ஜனவரி 1ஆம் தேதிக்கே முன்கொண்டு வருவதாக 2023 மே மாதம் அரசு அறிவித்தது. விக்ஃபாரஸ்ட்ஸ் 2024 ஜூன் இறுதியில் மூடப்பட்டது. ஆக, காட்டைக் காப்பாற்றியது நட்டக் கணக்கும் ஒரு விலங்கும்தான். கார்பனுக்காக யாரும் நீதிமன்றம் போக முடியவில்லை. ஏனெனில் அது சட்டம் காக்கும் உயிரினம் இல்லை.

வேலை இழந்தவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த வெற்றியைக் கொண்டாடுவது அநியாயம். தலைமுறையாக மரவேலையே செய்த சிற்றூர்கள் அந்த மலையடிவாரத்தில் இருக்கின்றன. அறுவை ஆலை மூடினால் அங்கே பள்ளிக்கூடமும் கடையும் ஆட்டம் காணும். அரசு கூடுதலாக 20 கோடி டாலர் ஒதுக்கியது, மறுபயிற்சி என்றது. ஆனால் ஆறேழு ஆண்டு அவகாசம் இருக்கிறது என்று நம்பியவர்களுக்கு ஏழெட்டு மாதம்தான் கிடைத்தது. இதில் குறை காட்டைக் காத்ததில் இல்லை, காலந்தாழ்த்தியதில் இருக்கிறது. காடு சுருங்குகிறது, நட்டம் கூடுகிறது என்று முன்பே தெரிந்தும் 2030 என்று ஒரு தேதியைக் காட்டித் தொழிலாளர்களை நம்பவைத்தார்கள். படிப்படியாகத் தோப்பு மரத்துக்கு மாற்றியிருந்தால் அதே ஆலைகளில் பாதியாவது ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே நிறுத்தினால் வேறெங்காவது வெட்டுவார்கள் என்பதுதான் எனக்கு மிகக் கடினமாகத் தோன்றும் மறுப்பு. வரலாறு இதற்குச் சாட்சி சொல்கிறது. 1998இல் யாங்சி ஆற்றின் பெருவெள்ளத்துக்குப் பின் சீனா தன் இயற்கைக் காடுகளில் வெட்டைத் தடுத்தது. மரத்துக்காக ரஷ்யாவையும் மியான்மரையும் நோக்கித் திரும்பியது. நீலகிரி மாவட்டம் கூடலூரில் வேர்கொண்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் காட்டு மரவெட்டுக்குக் கடிவாளம் போட்டது. அதன் பின் நம் மரவாடிகளில் இறக்குமதித் தேக்கும் பைனும் பெருகின. விக்டோரியா மூடியதும் சில ஆலைகளின் பார்வை டாஸ்மேனியக் காடுகளின் பக்கம் போனது. வெட்டைத் தடுப்பதோடு தோப்பு மரத்தின் வரத்தையும் கூட்டாவிட்டால், காகிதத்துக்கும் பலகைக்கும் உள்ள பசி எல்லை தாண்டும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் பசியில் எவ்வளவு எல்லை தாண்டுகிறது என்பதும் கேட்க வேண்டியது. முழுவதும் தாண்டுவதில்லை, ஒரு பங்கு தோப்புக்கும், ஒரு பங்கு மறுசுழற்சித் தாளுக்கும் போகிறது. தாண்டுகிற பங்கும் ஹெக்டேருக்கு 1,800 டன் கார்பன் உள்ள காட்டிலிருந்து அதைவிடக் குறைவான இடத்துக்குப் போனால், அதுவும் பூமிக்கு ஆதாயம்தான்.

தடுத்தால் கணக்கில் உண்மையிலேயே தெரியுமா என்பதற்கு டாஸ்மேனியா ஓர் எடுத்துக்காட்டு. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே மரச்சில்லு வணிகம் சரிந்தது. பெரிய நிறுவனமான கன்ஸ் இயற்கைக் காட்டு வெட்டிலிருந்து விலகி, 2012இல் நொடித்தது. வெட்டு குறைந்த சில ஆண்டுகளிலேயே அந்தத் தீவின் மொத்த வெளியேற்றக் கணக்கு சுழியத்துக்குக் கீழே இறங்கியது; வெளியேற்றுவதைவிடக் காடு இழுப்பது அதிகமானது. மின்சாரத்தின் பெரும்பகுதி நீர்மின் நிலையங்களிலிருந்து வருவதால் அங்கே தொடக்கமே சாதகமாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்றாலும் எந்தப் புதிய இயந்திரமும் இல்லாமல் இவ்வளவு விரைவாக இவ்வளவு பெரிய மாற்றம் நடந்தது, கோடரியைக் கீழே வைத்ததால்தான். இது முன்பே பளிச்சென்று தெரியாததற்குக் காரணம் கணக்கு எழுதும் முறை. வெட்டிய இடத்தின் வெளியேற்றத்தையும், எப்போதோ வெட்டிய இடங்களில் வளரும் கன்றுகள் இழுப்பதையும் ஒன்றாகக் கழித்து ஒரே எண்ணாக எழுதுவார்கள். அந்த ஓர் எண்ணுக்குள் புகை முழுவதும் மறைந்துவிடும்.

இதே கணக்குமுறையில்தான் அடுத்த ஆபத்தும் இருக்கிறது. காடு இழுத்த கார்பனைக் காட்டி, அந்த அளவுக்கு நாங்கள் நிலக்கரி எரித்துக்கொள்கிறோம் என்று ஓர் அரசோ நிறுவனமோ சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் காடு காப்பாற்றப்பட்டும் காற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. காட்டின் கார்பன் தீக்கும் வறட்சிக்கும் ஆட்பட்டது, நிலத்தடி நிலக்கரியோ தோண்டாதவரை அசையாதது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து ஈடுகட்ட முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவும் 2024 தொடக்கத்திலேயே இயற்கைக் காட்டு மரவெட்டை நிறுத்தியது, ஆனால் பாக்சைட் சுரங்கத்துக்காக அங்குள்ள ஜாரா மரக் காடுகள் வெட்டப்படுவதற்கு அந்தத் தடை பொருந்தவில்லை. விக்டோரியாவில் மேரிவேல் ஆலை நிற்கும் அதே லாட்ரோப் பள்ளத்தாக்கில்தான் பழுப்பு நிலக்கரி மின்நிலையங்களும் நிற்கின்றன. ஹேசல்வுட் 2017இல் மூடியது. யாலோர்னுக்கு 2028, லாய் யாங் ஏ-க்கு 2035 என்று மூடும் தேதி குறித்திருக்கிறார்கள். மலை மேலே காட்டுக்குக் குறித்த தேதி முன்னே வந்ததுபோல, பள்ளத்தாக்கில் குறித்த தேதிகளையும் யாராவது முன்னே இழுத்தால்தான் அந்த 1,867 டன்னுக்கு முழு மதிப்புக் கிடைக்கும்.